ஆம்புலன்சுக்கு வழி திறந்தவர்களுக்கு நன்றி

தொழிற்சாலைக் கட்டுமானம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஊர்ச்சாலையில் லாரிகள் ஓயவில்லை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தாலே ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய சாலை அது. அதில் நோயாளியோடு ஆம்புலன்ஸ் சிக்கி நின்றதைப் பார்த்துப் பதறியவர்கள் நாங்கள். இன்று அது தடையில்லாமல் போகிறது. அதற்கு உழைத்தவர்களுக்கு இந்த மடல்.

திட்ட வாயிலில் வாக்கி டாக்கியோடு நிற்கும் பணியாளர்களே, ஆம்புலன்ஸ் புறப்பட்ட செய்தி வந்ததும் லாரிகளை உள்ளேயே நிறுத்திவிடுகிறீர்கள். சாலையில் இறங்கிவிட்ட வண்டிகளை ஒதுங்குமிடத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்த ஒதுங்குமிடங்களுக்காக வயலோரத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மதகுகளிலும் மின்கம்பங்களிலும் எண் எழுதிய இளைஞர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'பெரிய மரத்துக்குப் பக்கத்தில்' என்றால் வெளியூர் ஓட்டுநருக்கு எந்த மரம் என்று எப்படித் தெரியும்? இப்போது 'எட்டாம் எண் மதகு' என்றால் போதும். இரு திசையிலிருந்து வருபவர்களுக்கும் தெரியும்படி, இரவு வெளிச்சத்தில் மின்னும் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். கடும் ரத்தப்போக்கு சில நிமிடங்களிலேயே உயிரைப் பறித்துவிடும். இடம் தேடி அலைய அங்கே நேரமில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது என்று ஓட்டுநர்களுக்கும் எங்களுக்கும் பழக்கிய செவிலியர் அம்மாவுக்கு வணக்கம்.

பள்ளிக்கு வந்த லாரி ஓட்டுநர் அண்ணன்களே, பிள்ளைகளை ஒவ்வொருவராக உங்கள் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தீர்கள். முன்சக்கரத்தை ஒட்டி நின்ற தோழிகளில் ஒருத்திகூட மேலிருந்து தெரியவில்லை என்று என் மகள் வீட்டுக்கு வந்து திகைப்போடு சொன்னாள். எத்தனை அறிவுரை சொன்னாலும் அது ஏறியிருக்காது. உலகெங்கும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்குச் சாலை விபத்தே முதற்காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பள்ளி முன்னால் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் நீங்கள் ஓட்டுவதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

இரவுப் பணி ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசதியில் வளைவிலேயே வண்டியை நிறுத்திக் கண்ணயர்ந்துவிடாதீர்கள். வாயிலுக்கு அருகே ஓய்விடம் அமைக்க, மழைக்கு முன்பே தரையை மட்டப்படுத்தித் தருவதாகத் திட்டப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
சாலையோர ஊர்மக்கள் சார்பில் ஒரு தாய்