சுரங்கத்தின் ஆழம் இருக்கட்டும், சக்தியை அளந்தது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் கரும்பொருள் (ஒளியைத் தராது, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) தேடல் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். சுரங்கம், கடுங்குளிர், பால்வீதியின் படம் எல்லாம் இருந்தன. அமெரிக்காவின் சூடன் சுரங்கத்தில் சிலிக்கன் பளிங்கு உணரிகள் 3 மோதல்களைப் பதிவுசெய்ததாக 2013 இல் ஆய்வாளர்கள் அறிவித்ததையும் எழுதியிருந்தீர்கள். அத்தோடு விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் குறை.

அம்மூன்றின் சக்தி 8.2, 9.5, 12.3 கிலோ இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு) என்று அறிவித்தார்கள். உணரி இப்படி எண்களைச் சொல்வதில்லை. அது தருவது ஒரு மின்துடிப்பு, அவ்வளவுதான். புறக்கோட்டைத் தராசு என்றால் படிக்கல்லை வைத்துப் பார்த்து முத்திரை குத்திவிடலாம். தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குளிரில் கிடக்கும் பளிங்குக்கு எதைப் படிக்கல்லாக வைப்பது?

காமாக் கதிரைப் பாய்ச்சலாம். ஆனால் அது மோதுவது இலத்திரனில். சூடனில் தேடிய கரும்பொருள் துணிக்கை மோத வேண்டியதோ அணுக்கருவில். கருவைத் தட்ட நியூத்திரன் வேண்டும். அதற்கு நியூத்திரன்களை உமிழும் கதிரியக்கப் பொருளான கலிபோர்னியம்-252 ஐப் பயன்படுத்தினார்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: அதிலிருந்து நியூத்திரன்கள் எல்லாச் சக்தியிலும் கலந்து வரும், குறித்து வைக்க ஓர் அடையாளம் கிடையாது. இந்த இடத்தில் சிலிக்கனே கைகொடுத்தது. ஏறக்குறைய 182 கிலோ இலத்திரன்வோல்ற்று நியூத்திரன்கள் சிலிக்கன் கருவில் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சிதறும். அதனால் 20 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் விழும். அதை வைத்துப் பார்த்தபோது, கரு மோதலில் பளிங்கின் அதிர்வாகச் சேகரமாகும் சக்தி, அதே அளவு இலத்திரன் மோதலைவிட 4.8% குறைவு என்று தெரிந்தது. 2018 இல் வெளியான முடிவு இது. பழைய ஆய்வு முடிவுகள் அதனால் பெரிதாக மாறவில்லை. ஆனால் அப்படிச் சொல்வதற்கே 5 வருடம் பிடித்தது. கட்டுரையில் இது வந்திருக்க வேண்டும்.

இப்போது கனடாவின் சட்பரியில், நிலத்துக்குக் கீழே 2 கிலோமீற்றரில், அதே தேடலின் அடுத்த கட்டம் நடக்கிறது. அந்தக் குழு செய்த ஒரு கிராம் அளவான சிலிக்கன் உணரிகளில் சிவப்பு லேசர்தான் படிக்கல். ஓர் ஒளித்துணிக்கைக்கு ஏறக்குறைய 2 இலத்திரன்வோல்ற்று. சிலிக்கனில் ஓர் இலத்திரனை விடுவிக்க வேண்டிய சக்தி (சக்தி இடைவெளி) 1.2 இலத்திரன்வோல்ற்று அளவில் என்பதால், உறிஞ்சப்படும் ஒவ்வொரு ஒளித்துணிக்கையும் ஓர் இலத்திரன்-துளைச் சோடியை, அதாவது விடுபட்ட இலத்திரனையும் அது விட்டுச்சென்ற வெற்றிடத்தையும் தரும். 100 வோல்ற்றைக் கொடுத்தால் ஒரு சோடி 100 இலத்திரன்வோல்ற்று அதிர்வாகப் பெருகும். வரைபில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சம இடைவெளியில் உச்சிகள் எழும். இன்னும் பெரிய சக்திகளுக்குப் போனால் லேசர் போதாது. அங்கே காமாக் கதிர் இலத்திரனில் மோதிச் சிதறும் கொம்ப்டன் சிதறல் உதவுகிறது: சிலிக்கனின் உள் ஓட்டு இலத்திரனின் பிணைப்புச் சக்தியான 1.84 கிலோ இலத்திரன்வோல்ற்றில் நிறமாலை ஒரு படி ஏறும். வெளி ஓடுகளுக்கு 0.15, 0.1 கிலோ இலத்திரன்வோல்ற்று அளவில் சின்னப் படிகள்.

இதெல்லாம் பொதுவாசகருக்குக் கடினம் என்று ஒதுக்காதீர்கள். ஒளிமின் விளைவும் குறைகடத்தியும் உயர்தரப் பாடத்திலேயே வருகின்றன. அடுத்த முறை பால்வீதிப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, அந்த உச்சிகள் உள்ள வரைபைப் போடுங்கள். அச்சுகளில் அலகையும் மறக்காமல் போடுங்கள். இங்கே ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06