ஜேம்ஸ் ரூஸின் காணியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

மேற்கு சிட்னியில் வாரயிறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஜேம்ஸ் ரூஸ் என்ற பெயர் அடிபடாத தமிழ் வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. அந்தப் பெயரில் கார்லிங்ஃபோர்டில் இருக்கும், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டுமென்று பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே டியூஷனுக்கு அனுப்புகிறோம். ஆனால் அந்த மனிதர் யார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றோரிலும் பலருக்குத் தெரியாது. அவர் பயிர் செய்த காணியோ நாம் தோசை சாப்பிடப் போகும் ஹாரிஸ் பார்க்கிலேயே இருக்கிறது.

ரூஸ், இங்கிலாந்தின் கார்ன்வாலைச் சேர்ந்தவர். பிரிட்டன் ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் அமைக்க அனுப்பி, 1788-இல் வந்துசேர்ந்த முதல் கப்பல் தொகுதியில் வந்த கைதி. குடியேற்றம் பட்டினியில் கிடந்த காலம் அது. தண்டனை முடிந்தது, காணி வேண்டும் என்று அவர் கேட்டார். ஒரு குடும்பம் தன் காலில் நிற்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பார்ப்பதற்காக, ஆளுநர் ஆர்தர் பிலிப் 1789 நவம்பரில் பரமட்டாவில் காடு வெட்டிய ஒன்றரை ஏக்கரையும் விதையையும் கொடுத்து அவரை இருத்தினார்.

ரூஸ் வேலை செய்த விதத்தை அவரிடமே கேட்டு எழுதிவைத்திருக்கிறார் வாட்கின் டெஞ்ச் என்ற படை அதிகாரி. விழுந்த மரங்களை எரித்து, சாம்பலை மண்ணோடு சேர்த்துக் கொத்தி, கட்டி உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்திருக்கிறார். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், ஆனால் சரியாக. அரசாங்கப் பண்ணையில் மாதிரி மேலோட்டமாகக் கீறிவிடவில்லை என்று அவரே சொல்கிறார். வைக்கோலைக் குழியில் போட்டு எருவாக்கும் திட்டமும் இருந்தது. வன்னியில் தோட்டம் செய்த நம் அப்பாக்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

1790-இல் கைதியாக வந்த எலிசபெத் பெரியை அதே ஆண்டு செப்டம்பரில் மணந்தார். 1791 ஏப்ரலில் 30 ஏக்கருக்குக் காணி உறுதி எழுதப்பட்டது. அந்தக் குடியேற்றத்தில் கொடுக்கப்பட்ட முதல் காணி அதுதான். எலிசபெத்தின் உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் பேசுங்கள்.

அப்புறம், இதுவரை சொன்னது பாதிக் கதை. அந்த மண் டாருக் பழங்குடியினரில் ஒரு பிரிவான புராமட்டகல் மக்களுடையது. பரமட்டா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்தது. ரூஸ் மண்வெட்டி எடுப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1789 ஏப்ரலில், அம்மை நோய் சிட்னியைச் சுற்றியிருந்த பழங்குடியினரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றிருந்தது. மிஞ்சியவர்களை யாரும் கேட்கவில்லை. விலையும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை.

1793-இல் ரூஸ் அந்தக் காணியை மருத்துவர் ஜான் ஹாரிஸுக்கு 40 பவுனுக்கு விற்றார். அடுத்த ஆண்டு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போன முதல் குடியேறிகளில் அவரும் ஒருவர். அந்தக் கரையில் டாருக் மக்கள் கிழங்கு எடுத்து உண்டு வந்தார்கள். கிழங்கைப் பிடுங்கிவிட்டுச் சோளம் போட்டார்கள் குடியேறிகள். பசித்தவர்கள் சோளத்தை எடுக்க வந்தபோது சுட்டார்கள். 1795-இல் அவர்களுக்கு எதிராகப் படையே அனுப்பப்பட்டது. இதைச் சொல்லாமல் ரூஸை முதல் விவசாயி என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நியாயமில்லை. ஒருவருக்கு உறுதி எழுதும்போது அங்கே ஏற்கெனவே இருந்தவருக்கு என்ன நடக்கும் என்பதை, தமிழர்களை வெளியேற்றிக் குடியேற்றம் நடந்த மணலாற்றில் பார்த்த சமூகம் நாம். நாமே இதை மறைத்தால் எப்படி?

ரூஸின் உழைப்பைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. தன் கல்லறைக் கல்லில், தாய் தன்னைக் கனிவோடு வளர்த்ததையும் இங்கே முதல் தானியம் விதைத்ததையும் எழுத்துப்பிழைகளோடு பொறித்துவிட்டுப் போன மனிதர் அவர். அந்த வரிகளை வாசிக்கும்போது எனக்கு அவர்மேல் பிரியம்தான் வருகிறது. பிரியத்தோடேயே முழுக் கதையையும் சொல்லலாம்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த தவணையில் ஒரு வகுப்பை அந்தக் காணியில் நடத்துங்கள். அங்கே நிற்கும் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ் என்ற வீடு ரூஸ் கட்டியதல்ல, பிற்பாடு ஹாரிஸ் கட்டியது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டாருக் மூத்தவர் ஒருவரை அழைத்து, உரிய கட்டணம் கொடுத்து, முதலில் அவரைப் பேச விடுங்கள். ரூஸ் குடும்பத்தைப் பற்றி ஆசிரியர் அதன்பிறகு பேசட்டும். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள், நான் கார் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பெண்டில் ஹில்லில் இருந்து ஒரு தாய்