டீசரில் கிளைமாக்ஸை வைத்த ஸ்டுடியோவுக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
சிறு பட்ஜெட் படத் தயாரிப்பாளர், இயக்குநர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
எடிட்டிங், கலர் கிரேடிங் ஸ்டுடியோ,
கோயம்புத்தூர்.

நாள்: 3.3.2025

பொருள்: டீசர் வேலையில் நடந்த குளறுபடி, முன்பணத்தையும் ஹார்ட் டிஸ்க்கையும் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். அதில் மிச்சம் பிடித்ததையும் மைத்துனர் தேங்காய் மண்டியிலிருந்து புரட்டிக் கொடுத்ததையும் போட்டு ஒரு காதல் படம் எடுத்திருக்கிறேன். அதன் டீசரை வெட்டித் தரத்தான் உங்களிடம் வந்தேன். பேசிய தொகை 45,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 53,100. அதில் பாதி, 26,550 ரூபாயை ஜனவரி 10-ஆம் தேதி கட்டினேன், ரசீது கையில் இருக்கிறது. பிப்ரவரி 7-க்குள் தருவதாகச் சொன்னீர்கள். காதலர் தினத்தன்று காலை வெளியிடுவதாக இருந்தோம். வந்ததோ 12-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு. தாமதத்தைப் பெரிதுபடுத்தவில்லை, கல்யாண ஆல்பத்தை நானும் இழுத்தடித்துக் கொடுத்தவன்தான். வந்து சேர்ந்த டீசரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு தாளை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேனே, அதை யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? 58 நொடி, 11 ஷாட். எது எதற்குப் பின்னால், எத்தனை நொடி என்று எல்லாம் எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடிக்கோடிட்டது ஒரே ஒரு வரி: அவனும் அவளும் எந்த ஃப்ரேமிலும் சேர்ந்து வரக் கூடாது. முதலமடை மாங்காய் ஷெட்டில் காய் பிரிக்கும் அவன் கை. ரயில் ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள். பிளாட்பாரத்து ஆலமரத்தில் ஆடும் விழுது. அவள் எழுந்து போன பெஞ்சு. கடைசியில் திரை கறுத்துவிடும், அவள் குரல் மட்டும் வரும்: “ஏனுங்க, வண்டி போயிருச்சுங்களா?” அவ்வளவுதான். இதுகள் ரெண்டும் சேருமா சேராதா என்று பார்க்கிறவன் மனசுக்குள் அரித்தால்தான் தியேட்டர் பக்கம் வருவான். கதை சொல்ல ட்ரெய்லர் இருக்கிறது, அதற்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது.

நீங்கள் 41-ஆவது நொடியில், ஆலமரத்தடியில் இருவரும் கட்டிப்பிடித்து அழும் ஷாட்டை வைத்திருக்கிறீர்கள். படத்தின் கடைசி ஷாட் அது! உங்கள் எடிட்டர் தம்பியிடம் போனில் கேட்டால், “இருக்கறதுலயே அதுதாண்ணா நல்ல ஷாட்” என்கிறார். நல்ல ஷாட் என்பதால்தானே ஒளித்து வைத்தேன்? முழுப் படத்தின் கலர் வேலையையும் உங்களிடமே கொடுக்கும் நினைப்பில் எல்லா ரஷ்ஷையும், அதாவது வெட்டாத மூலக் காட்சிகளையும், ஒரே டிஸ்க்கில் கொடுத்தது என் தப்பு. ஆனால் அந்த ஃபோல்டருக்கு ‘டீசருக்கு அல்ல’ என்றே பெயர் வைத்திருந்தேன். கல்யாண ஹைலைட்ஸில் தாலி கட்டும் இடம் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அங்கே முடிவு தெரிந்தேதான் பார்க்கிறார்கள். காதல் படத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது.

இதை நாம் இருவர் மட்டும் பார்த்திருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். 13-ஆம் தேதி மதியம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘எங்கள் புதிய வேலை’ என்று உங்கள் பக்கத்தில் ஏற்றிவிட்டீர்கள். கத்திக் கூப்பாடு போட்டு அதை நீக்க வைப்பதற்குள் மூன்று மணி நேரம். அதற்குள் எங்கள் ஊர் வாட்ஸாப் குழுக்களில் சுற்றி முடிந்திருந்தது. சாயங்காலம் டீக்கடை அண்ணன் கிளாஸை நீட்டியபடியே, “கடைசில ரெண்டும் சேர்ந்துருதாட்ட இருக்குது, சந்தோசம்” என்றார். படம் பார்த்து முடித்த திருப்தி அவர் முகத்தில். டிக்கெட் வாங்க அவர் இனி எதற்கு வரவேண்டும்? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை தயாரிப்பாளருடையது. என் அனுமதி இல்லாமல் ஏற்ற உங்களுக்கு அதிகாரம் கிடையாது.

அடுத்தது காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து அடிக்கும் காற்று எங்கள் பக்கத்துப் பனை ஓலைகளை எப்படிச் சலசலக்க வைக்கும் என்பது இங்கே பிறந்தவனுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே சவுண்ட் ஆளை இரண்டு நாள் கூடுதலாக நிறுத்திப் பதிவு செய்தோம். டீசருக்கு அதுதான் இசை, வேறெதுவும் வேண்டாம் என்று தாளில் இருக்கிறது. நீங்கள் அதை ‘நாய்ஸ்’ என்று சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வயலினை இழுத்து விட்டிருக்கிறீர்கள். அந்த வயலினுக்காவது உரிமம் இருக்கிறதா என்று யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே காப்பிரைட் கிளெய்ம் வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கும் ஷாட் நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுத்தது. படம் ஓடுவது 24-இல். அந்தக் கணக்கில் ஓடவிட்டால் மூன்று நொடித் திரும்பல் ஆறு நொடியாக நீளும், காதோரம் முடி மெல்ல எழுந்து இறங்கும். நீங்கள் அதைச் சாதாரண வேகத்திலேயே போட்டிருக்கிறீர்கள். யாரோ கடன்காரன் கூப்பிட்டதுபோல் வெடுக்கென்று திரும்புகிறாள்.

திருத்தித் தருவதாக 15-ஆம் தேதி சொன்னீர்கள். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. எனக்கு இனித் திருத்தம் வேண்டாம், தாளை வைத்து நானே உட்கார்ந்து வெட்டிக்கொள்வேன். 26,550 ரூபாயை 15 நாளுக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். உங்கள் கணினிகளில் இருக்கும் ரஷ் அனைத்தையும், முக்கியமாக அந்தக் கடைசி ஷாட்டை, அழித்துவிட்டதாக எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வாளையாறு எல்லை தாண்டி வரவேண்டியது நீங்களாக இருக்கும்.

வரும் வியாழக்கிழமை பேரூர் பக்கம் ஒரு கல்யாணம் எடுக்க வருகிறேன். முகூர்த்தம் முடிந்து பதினோரு மணி வாக்கில் உங்கள் ஆபீசுக்கு வருவேன். ஹார்ட் டிஸ்க்கையும் அந்தத் தாளையும் எடுத்து வைத்து, கொடுப்பதற்கு ஒரு ஆளை இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தயாரிப்பாளர், இயக்குநர்

இணைப்பு: முன்பண ரசீது நகல், வாட்ஸாப் உரையாடல் பிரதி, காப்பிரைட் கிளெய்ம் ஸ்கிரீன்ஷாட்.