அடுத்த வெர்ஷன் வரை தள்ளாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலையும் பிடித்திருக்கிறது, குழுவும் நன்றாக அமைந்திருக்கிறது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அவளும் உன்னைப் போலவே கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாள்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, உங்கள் ஆப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளை அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருப்பதாக, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என்னுடன் வேலை செய்யும் ஒருவருக்குப் பார்வை கிடையாது. ஒருநாள் ஒரு ஆப்பைத் திறந்து, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்கச் சொன்னார். விரலை நகர்த்த நகர்த்த "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் சொன்னது. அதில் எது பணம் அனுப்பும், எது கணக்கை அழிக்கும் என்று அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த பக்கத்தில் பணம் செலுத்தும் பட்டனையே அது காணவில்லை. வெறும் வண்ணக் கட்டம் ஒன்றை வரைந்து, தொட்டால் வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். வெப்சைட்டில் உண்மையான பட்டனைப் போட்டால் கீபோர்டில் அதை அடையலாம், என்டர் தட்டினால் வேலை செய்யும், தான் பட்டன் என்று தானே சொல்லும். இதற்கெல்லாம் நீ ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

2009ல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் வந்தது நினைவிருக்கிறதா? ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். அதுவும் முதல் ஃபோன் வந்து இரண்டு வருடம் கழித்துத்தானே என்று நீ கேட்பாய். உண்மைதான், அந்த இரண்டு வருடமும் பார்வையற்றவர்கள் வெளியேதான் நின்றார்கள். ஆனால் வந்தபோது சிஸ்டத்துக்குள்ளேயே வந்தது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. சிஸ்டம் கொடுத்த பட்டன்களை வைத்துக் கட்டிய ஆப்களுக்கு அது பெரும்பாலும் சுலபமாகப் பொருந்தியது. சொந்தமாக வரைந்துகொண்டவைதான் ஊமையாக நின்றன.

எழுதிய புரோகிராமைக்கூடப் பிறகு திருத்திவிடலாம், டிசைனைத் திருத்துவதுதான் பெரும்பாடு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற, எல்லோரும் பயன்படுத்தும்படி வெப்பை அமைப்பதற்கான வழிகாட்டி; வெளிர் சாம்பல் எழுத்துக்கு எல்லோரும் ஒப்புதல் கொடுத்து, விளம்பரமும் அச்சாகிவிட்ட பிறகு அதை மாற்ற யார் சம்மதிப்பார்கள்? இழுத்து வைத்தால்தான் நகரும் என்று ஒரு திரையைக் கட்டிவிட்டால், கைநடுக்கம் உள்ளவருக்காக அந்தத் திரையையே மறுபடி யோசிக்க வேண்டிவரும். 2023ல் வந்த அந்த வழிகாட்டியின் 2.2 பதிப்பு, இழுக்காமலே அதே வேலையைச் செய்ய இன்னொரு வழி வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

அப்புறம், தானாகச் சோதிக்கும் டூலை மட்டும் நம்பிவிடாதே. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது சொல்லும், அந்த விளக்கத்துக்கு அர்த்தம் உண்டா என்று சொல்லாது. டிசைன் தாளில் இருக்கும்போதே மாற்றுத்திறனாளிகள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வை, அவர்கள் நேரத்துக்குச் சம்பளமும் கொடு. நல்ல மனதோடு இலவசமாக வந்து உதவட்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வாரமே ஆண்ட்ராய்டு ஃபோனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கைப் போட்டு, திரையைப் பார்க்காமல் உங்கள் ஆப்பில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார். எந்த இடத்தில் நின்றாய் என்று எழுது. ஓடிபி போடுவதற்கு எத்தனை நொடி கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுது, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு மெதுவாகத் தட்டுகிறவருக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்