பட்டியலில் நாலாவதாக ஒரு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போன் எடுக்காத மூன்றாவது ஞாயிறு இது. வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

சேவ் செய்த ஃபைலைக் காணோம் என்று இனி உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். விண்டோஸ் கீயோடு ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கிறது. இடது பக்கம் மேலே ‘ஹோம்’. கடைசியாகத் திறந்ததெல்லாம் அங்கே வரிசையாக நிற்கிறது. நீ பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, பெரியப்பா ஒரே தடவை காட்டியதும் ஏறிவிட்டதாம். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

ஃபோல்டருக்குள் ‘டேட் மாடிஃபைட்’ என்ற தலைப்பில் ஒரு க்ளிக். புதியது மேலே வரும். பழையது வந்தால் இன்னொரு க்ளிக், அவ்வளவுதான். பிரவுசரில் இறக்கியதைப் பார்க்கக் கண்ட்ரோலும் ஜேயும். பேர் வைப்பதில் உன்னைவிட நான் கெட்டி. 2025-03-09 என்று வருஷம், மாசம், தேதி என முன்னால் போட்டுவிடுகிறேன். பெயர்வரிசையே தேதிவரிசை ஆகிவிடுகிறது. தேதியை முதலில் போட்டால் எல்லா மாசத்து ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நீயோ ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று வைப்பாய். எங்கள் வீட்டிலேயே அதிகம் படித்தவள்!

நேரத்துக்குத் தூங்குகிறாயா?

அப்புறம், கீழே டாஸ்க்பாரில் வேர்டு ஐகானை ரைட் க்ளிக் செய்தாலும் சமீபத்திய ஃபைல்கள் வருகின்றன. அதில் நாலாவதாக ‘ராஜினாமா 3’ என்று இருந்தது. போன தடவை வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு உன் அறையில் விளக்கு எரிந்ததே. நான் திறக்கவில்லை. திறந்தால் அது பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிவிடும், நீ வந்தால் கண்டுபிடித்துவிடுவாய். ஒன்றும் இரண்டும் எங்கே என்று தேடவில்லை என்று எழுத வந்தேன். தேடினேன். பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்தேன். முதலாவது எட்டு மாசத்துக்கு முந்தியது, சித்தி வீட்டுக்கு எல்லோரும் போன அந்த வாரம். அன்றைக்குத்தானே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய்?

எதையும் அவசரப்பட்டு அனுப்பாதே. எழுது, சேவ் பண்ணி வை, வேறோர் இடத்திலும் ஒரு காப்பி வை. கண்ட்ரோல் எஸ் அடித்துக்கொண்டே இரு. காப்பி வை என்று சொல்லிவிட்டேன் இல்லையா? சரி. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்று உனக்குத் தெரியாது.

கடைசி வருஷ ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? “சேவ் பண்ணினேன்ப்பா” என்று அழுதாய். பண்ணியிருக்கவே மாட்டாய் என்று கத்தினேன். நீ பண்ணித்தான் இருந்தாய். டெஸ்க்டாப் குப்பையாக இருக்கிறதென்று நான்தான் மொத்தமாகப் பிடித்து ஷிஃப்டோடு டெலீட் அடித்தேன். அப்படி அடித்தால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. நீ மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தாய். நான் பின்னால் நின்று, “இனியாவது கவனமாக இரு” என்றேன். பதினோரு வருஷம் ஆகிறது. ஏதாவது தப்பாகிப்போனால் என்னிடம் சொல்லத் தயங்குகிறாயே, அது அன்றைக்குத் தொடங்கியதோ என்னவோ. நான் சொல்லியிருக்க வேண்டும். உன் அழுகையைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

அந்தப் பெயரின்மேல் ரைட் க்ளிக் செய்தால் ‘ரிமூவ் ஃப்ரம் திஸ் லிஸ்ட்’ என்று வருகிறது. பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், ஃபைல் போகாது. அம்மாவும் இதே கம்ப்யூட்டரில்தானே உட்காருகிறாள், அதனால் எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். மூன்றும் நீ வைத்த ஃபோல்டரிலேயே இருக்கின்றன.

அப்பா