ஐந்தொகையின் கீழே ஒரு கையெழுத்து

நியூயார்க்,
8 பிப்ரவரி 2026

அன்புள்ள மீனாளுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. கூட்டாண்மை நிறுவனங்களின் வரிப் படிவங்களை மார்ச் நடுவிலும் தனிநபர் படிவங்களை ஏப்ரல் நடுவிலும் கொடுத்தாக வேண்டும் என்பதால், தை பிறந்தது முதலே எங்கள் அலுவலகத்தில் விளக்கணைக்க இரவு பத்து மணியாகிறது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று நீ எழுதியிருந்தது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே நாங்கள் நலம். என் முழங்கால் வலி மட்டும் குளிர் ஏற ஏறக் கூடுகிறது.

உன் மகள் பி.காம். முடித்துவிட்டு, "பெரியம்மாவைப் போல நானும் சி.பி.ஏ. (அமெரிக்காவில் உரிமம் பெற்ற பொதுக் கணக்காளர்) ஆகப்போகிறேன்" என்று சொல்வதாகவும், அதற்கு என்ன செய்ய வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும் என்றும் கேட்டிருந்தாய். சம்பளத்தைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. கௌரவமாக வாழப் போதுமானது வரும். மற்றதை விரிவாகவே எழுதுகிறேன், அவளும் இதைப் படிக்கட்டும்.

முதலில் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது பல்கலைக்கழகம் தரும் பட்டம் அன்று, மாநில அரசு தரும் உரிமம் என்பதே. 1896-இல் நியூயார்க் மாநிலம்தான் இதற்கென்று முதல் சட்டத்தை இயற்றியது. இன்றைக்கு அமெரிக்காவின் மாநிலங்களும் ஆட்பகுதிகளுமாக 55 வாரியங்கள் தனித்தனியே உரிமம் வழங்குகின்றன. தேர்வு எல்லோருக்கும் ஒன்றே என்றாலும் அதை எழுதும் தகுதி, உரிமத்துக்கான அனுபவம் ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடும். தேர்வில் தேறிய மறுநாளே பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நம் ஊரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை.

நான் எழுதிய காலம் வேறு. ஆண்டுக்கு மே, நவம்பர் என இரண்டே முறைதான் தேர்வு. இரண்டு நாட்களில் பதினைந்தரை மணி நேரம் தாளும் பென்சிலுமாக எழுத வேண்டும். 2000 நவம்பரில், இரவு வகுப்புகளில் படித்துச் சேர்த்த மதிப்பலகுகளை (கிரெடிட்) நம்பி நானும் போய் உட்கார்ந்தேன். மூன்று மாதம் கழித்து, இதே பிப்ரவரியில், தபாலில் முடிவு வந்தது. வரிச் சட்டம் அடங்கிய தாளில் தவறியிருந்தேன். காரைக்குடியில் படித்த வருமான வரியின் தைரியத்தில் அதை மேலோட்டமாகப் பார்த்தது என் பிழை. மே மாதம் மறுபடி எழுதித் தேறினேன்.

இப்போது எல்லாம் கணினியில்தான். 2024 முதல் நிதிக் கணக்கியல், தணிக்கை, வரியும் சட்டமும் என்ற மூன்று கட்டாயத் தாள்களோடு, சிறப்புத் தாள்கள் மூன்றில் ஒன்றையும் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். தேற 75 வேண்டும். அது நூற்றுக்கு எழுபத்தைந்து சரியான விடை என்ற கணக்கன்று, கேள்விகளின் கடினத்தை எடைபோட்டுத் தரும் மதிப்பு. நிதிக் கணக்கியல் தாளில் எழுதுபவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில்தான் தேறுகிறார்கள் என்பதால், அதை முதலில் எழுதச் சொல். ஒரு தாளில் தேறிவிட்டால் மற்றவற்றை முடிக்க முன்பு 18 மாதம்தான் தருவார்கள்; இப்போது பெரும்பாலான மாநிலங்களில் 30 மாதம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து எழுத விரும்பியவர்கள் விமானம் ஏற வேண்டியிருந்தது. இன்று சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது.

நம் மூன்றாண்டு பி.காம். பட்டத்தைப் பொதுவாக 90 மதிப்பலகுகளாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு எழுதப் பல மாநிலங்களில் 120 வேண்டும், உரிமத்துக்கு 150 என்பது நெடுநாள் வழக்கம். அந்த 150-ஐ எட்டப் படிக்க வேண்டிய ஐந்தாவது ஆண்டின் செலவுக்கு அஞ்சியே இங்குள்ள பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்கு வராமல் போனார்கள். ஒகையோ மாநிலம் 2025 தொடக்கத்தில் சட்டத்தைத் திருத்தி, இளங்கலைப் பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் இருந்தாலும் போதும் என்றாக்கியது. மற்ற மாநிலங்கள் பலவும் அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. உன் மகள் எம்.காம். சேர்ந்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

இதெல்லாம் வாசற்படிதான், மீனாள். உள்ளே என்ன வேலை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கிடங்கு.

2001 டிசம்பர் 31 அன்று, நியூஜெர்சியில் பாத்திரங்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் சரக்கிருப்பைத் தணிக்கைக்காக எண்ண என்னை அனுப்பினார்கள். உள்ளே உறைபனிக் குளிர், கையுறையோடு பேனா பிடிக்க முடியவில்லை. அட்டைப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நீளத்தில் ஆறு, அகலத்தில் ஆறு, உயரத்தில் ஐந்து. ஆக ஓர் அடுக்குக்கு 180 பெட்டிகள் என்று கிடங்கு எழுத்தர் சொல்ல, நானும் பெருக்கிப் பார்த்துச் சரியென்று குறித்தேன். அத்தகைய அடுக்குகள் ஆறு. மாலையில் வந்த என் மேலாளர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், ஏணி கொண்டுவரச் சொல்லி மேலேறிப் பார்த்தார். பிறகு என்னையும் ஏறச் சொன்னார். அடுக்கின் நடுவே கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் நின்றது. தூணைச் சுற்றி நாலு பெட்டி அளவுக்கு இடம் வெறுமையாக, தரை வரைக்கும் தெரிந்தது. ஓர் அடுக்குக்கு இருபது பெட்டி வீதம் ஆறு அடுக்கிலும் 120 பெட்டிகள் குறைந்தன. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பெருக்கினார்கள், நானும் பெருக்கினேன். ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை.

தூண் கூரையைத் தொடுவது கீழிருந்தே தெரிந்திருக்கும், நிமிர்ந்து பார்த்திருந்தால். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அன்றிரவு திரும்பும்போது மேலாளர் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் கதையைச் சொன்னார். கனடாவில் கிடங்கு கிடங்காகச் சரக்கு இருப்பதாக அந்த நிறுவனத்தின் தலைவர் ஏடுகளில் காட்டிவந்தார். தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் காகிதங்களைச் சரிபார்த்தார்களே தவிர, கிடங்கைப் போய்ப் பார்க்கவில்லை. அக்காலத்தில் அது கட்டாயமாகவும் இல்லை. 1938-இல் குட்டு உடைந்தபோது, 87 மில்லியன் டாலர் சொத்தில் சுமார் 19 மில்லியன் வெறும் எழுத்து என்று தெரிந்தது. சரக்கை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியவர்களிடமே எழுதிக் கேட்டு நிலுவையை உறுதிசெய்ய வேண்டும் என்ற விதிகள் அதன் பிறகுதான் வந்தன. அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1933-இல், நியூயார்க் கணக்காளர் சங்கத் தலைவர் ஆர்தர் கார்ட்டரிடம் செனட் குழுவில் ஓர் உறுப்பினர், "உங்களைத் தணிக்கை செய்பவர் யார்?" என்று கேட்டார். "எங்கள் மனசாட்சி" என்றார் கார்ட்டர். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனாலும் மெக்கெசன் நிறுவனத்தின் தணிக்கையாளர்களும் மனசாட்சி உள்ளவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏணி ஏறாததுதான் குறை.

என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவார். இரவில் பத்துப் பைசா உதைத்தாலும் கணக்கு நேராகும்வரை சாப்பிட எழமாட்டார். அவர் எழுதிய ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கை, பார்த்தவர் ஒரே முதலாளி. நான் கையெழுத்திடும் ஐந்தொகையை நான் ஒருநாளும் சந்திக்கப்போகாத ஒருவர், எங்கோ ஓர் ஓய்வூதியத் தொகையைப் பங்குகளில் போட்டவர், நம்புகிறார். எங்கள் வேலையில் எனக்குப் பெருமையானது இதுவே. உன் மகளுக்கும் இது பெருமையாகத் தோன்றினால் தாராளமாக வரட்டும்.

ஆனால் ஒன்றை அவளிடம் தெளிவாகக் கேள்: அவள் எங்கே கையெழுத்திட விரும்புகிறாள்? சி.பி.ஏ. உரிமத்தைக் கொண்டு இந்திய நிறுவனம் ஒன்றின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் அவள் கையெழுத்திட முடியாது. அதற்கு நம் ஊர் சி.ஏ. வேண்டும். அமெரிக்க நிறுவனங்களுக்காகச் சென்னையிலிருந்தே கணக்கும் வரியும் பார்க்கும் வேலைகள் நிறைய உண்டு, அவற்றுக்கு சி.பி.ஏ. நல்ல துணை. காரைக்குடியிலோ மதுரையிலோ சொந்தமாகப் பலகை மாட்டி உட்கார ஆசையென்றால் சி.ஏ.தான் சரி, பயிற்சிக் காலமும் இப்போது இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. அவளை என் போல் ஆகச் சொல்ல எனக்கு ஆசை இருந்தாலும், ஊரை விட்டு நகர மனமில்லாத பிள்ளை என்று நீயே எழுதியிருப்பதால் சி.ஏ. பக்கமே என் மனம் சாய்கிறது.

முடிவெடுக்கும் முன் ஒருநாள் என்னோடு பேசட்டும். உங்கள் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அழைத்தால் எனக்கு இங்கே காலை, அலுவலகத் தொல்லை இருக்காது. அதற்குள் அவளுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, தணிக்கையாளர் அறிக்கையை மட்டும் முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்து வைத்திருக்கச் சொல். நான் அவளைக் கேள்வி கேட்கப்போவதில்லை. அவளுக்கு எந்த வரியில் சந்தேகம் வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்பு,
விசாலம்