எழுத்துத் தாளைக் காரைக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய நிலவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இளநிலை மாணவர்களுக்குக் களப்பணியும் அறிவியல் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இரண்டையும் தனித்தனித் தாள்களாக வைத்திருக்கிறீர்கள். அவற்றை ஒன்றாக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆண்டுதோறும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். மழைநீர் அரித்த களிமண் மேடுகள், வெயிலில் மின்னும் ஜிப்சம் நரம்புகள், காலடியில் தோட்டா மாதிரி பெலம்னைட் துண்டுகள், அதாவது கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவங்கள். ஒருமுறை ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் ‘இங்கே கடல் இருந்தது’ என்று ஒரே வரி எழுதியிருந்தாள். தப்பில்லை, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல்தான். ஆனால் அது அவள் வந்து சேர்ந்த முடிவு. கண்ணால் பார்த்தது என்ன? அவள் பார்த்த பெலம்னைட் துண்டு மேலே உதிர்ந்து கிடந்ததா, களிமண் அடுக்குக்குள்ளேயே பதிந்திருந்ததா? உதிர்ந்து கிடந்தது என்றால் வேறு அடுக்கிலிருந்து உருண்டு வந்திருக்கலாமே! அவள் திரும்ப மேட்டில் ஏறினாள். அரைமணி நேரம் தேடி, பதிந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அடுக்கின் நிறம், தடிமன், சாய்வு என்று ஒரு பக்கம் எழுதினாள். எதிர்ப்பக்கத்தில்தான் கடலைப் பற்றி எழுதினாள். நான் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் புரியவைக்க முடியாததை அந்த மேடு புரியவைத்தது.

பார்த்ததை எழுதிவைப்பதன் பயனுக்கு ஒரு எடுத்துக்காட்டு: கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். அதில் கண்ட கனிமங்களை அவர் விவரமாக எழுதிவைத்ததால்தான், இன்றைக்கும் அதே வகையான பல்லாவரத்துக் கல்லை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து நம் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இப்போதைய எழுத்துத் தாளிலோ கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். ஆய்வுக் கட்டுரையின் பகுதிகளை வரிசைப்படுத்தச் சொல்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள். அப்புறம் முதுநிலையில் களஅறிக்கை எழுத உட்கார்ந்தால் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதுகிறார்கள்.

அந்தத் தாளின் மதிப்பெண்ணில் பாதியையாவது களக்குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். முதல் வரைவைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். பார்த்ததைத் தெளிவாகச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு அதை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது எங்கள் பொறுப்பு. களப்பயண நாட்களை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன் உங்களில் இருவராவது எங்களோடு காரைக்கு வாருங்கள். மழைக்காலம் முடிந்து தை மாதம் போகிறோம். வேனில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு நிலவியல் ஆசிரியர்